மூளிக் கோயில்

ஜூன் 11, 2007. திங்கள்

முதலில் கண்ணில் பட்டது ஒரு துண்டு.

மலைச்சரிவு முழுக்க வெள்ளை வீடுகள். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி. எல்லாவற்றுக்கும் நீலக் கதவு. படத்தில் ஓர் ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. மூலையில் ஒரு மாடியில் மட்டும் கொடி கட்டியிருக்கிறது. அதில் ஒரே ஒரு துண்டு காய்கிறது. யாரோ பிழிந்து உதறிப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு வேலை இருந்திருக்கும்.

முதலாளி இன்று காலை ஐந்தாறு படங்களைக் கொண்டுவந்து, பெயிண்டிங் பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார். கிரீஸ் நாட்டில் ஏதோ ஒரு குட்டி ஊராம். பெயர் அவர் வாயிலேயே நுழையவில்லை. அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வாங்கிப் போக, அந்த ஊரையே பீங்கானில் சின்னதாகச் செய்து அனுப்ப வேண்டும். புதுச்சேரி ஏஜெண்ட் கோகுலகிருஷ்ணன் சார் பிடித்துக்கொடுத்த ஆர்டர்.

"அந்த ஊரு பொம்மைய செய்ய அந்த ஊர்ல ஆளே இல்லீங்களா?" என்று ராஜாம்பாள் அக்கா கேட்டார். எங்கள் பெஞ்சில் மூத்தவர் அவர்தான்.

"இருந்தா ஒனக்கு ஏது வேல?" என்றார் முதலாளி.

என் இடம் சுவரைப் பார்த்த இடம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று நானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இனிமேல் நாள் முழுக்க எனக்கு எதிரில் அந்த ஊர்தான்.

ஜூன் 12

கிரீஸ் என்றால் வண்டிச் சக்கரத்துக்குப் போடுவதா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டேன்.

ஜூன் 16. சனி

அம்மா பவுடர் ரூமில் வேலை செய்கிறாள். வெள்ளைக் கல்லை அரைத்த மாவு மூட்டை மூட்டையாக வரும். அதைச் சலித்து, அளந்து, மண்ணோடு கலக்கக் கொடுக்க வேண்டும். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் மாவு பறந்து வீணாகும் என்று அதையும் மூடியே வைத்திருப்பார்கள். அம்மா ஒரு துண்டை நனைத்து, இரண்டாக மடித்து, மூக்குக்கு மேல் வைத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். பிடரியில் போட்டால் நழுவிவிடுமாம். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், இமை எல்லாம் வெள்ளை. பார்த்தால் சட்டென்று வயதாகிவிட்ட மாதிரி இருக்கும். முகம் கழுவியதும் கொஞ்சம் வயது குறையும். முன்பு நிறையக் குறைந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா படுத்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் ஒருத்தர் வரவில்லை என்றால் அந்த வீட்டிலிருந்து வேறு ஆள் வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும். அப்பா கரும்பு லோடு டிராக்டரோடு பெண்ணாடம் பக்கம் இருந்தார். நான்தான் போய் நின்றேன். அம்மா எழுந்து வந்த பிறகும் என்னை யாரும் திரும்பிப் பள்ளிக்கூடம் போகச் சொல்லவில்லை. விரல் மெலிசாக இருக்கிறது என்று பெயிண்டிங்கில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அம்மாவுக்கு இருமல் படுக்கும்போது மட்டும் இல்லை, பேச்சுக்கு நடுவிலும் வருகிறது. டாக்டர் தூசியை விட்டு விலகி இருக்கச் சொன்னார். எங்கே விலகுவது என்று சொல்லவில்லை.

இன்று மதியம் முதலாளி எல்லோரிடமும் சொன்னார்: "இந்த ஆர்டருக்கு கூடத்துல ஒரு பேக்கிங் மேச போடப்போறன். வெளியாளு வேணாம். உள்ள இருக்குறவங்கள்ல ஒருத்தர எடுத்துக்குறன்." கூடம் வேப்பமரத்துப் பக்கம் திறந்தே கிடக்கும். காற்று வரும். வைக்கோல், காகிதம், அட்டைப்பெட்டி, அவ்வளவுதான் வேலை.

அம்மா போய்க் கேட்டிருக்கிறாள். "பாக்கலாம், திரௌபதி" என்றாராம்.

பாக்கலாம் என்றால் என்ன? எனக்கு அது வேண்டும். அம்மாவுக்கு அந்த மேசை வேண்டும். இப்போதைக்கு எனக்கு வேறு எதுவுமே வேண்டாம்.

எழுத வருகிறது. யாரிடமாவது சொல்லத்தான் வராது.

ஜூன் 24. ஞாயிறு

அம்மாவும் நானும் பழமலைநாதர் கோயிலுக்குப் போனோம். ஊர்ப் பெயரில் மலை இருக்கிறது. சாமி பெயரிலும் மலை இருக்கிறது. கண்ணுக்கு ஒரு மேடுகூடத் தெரியாது. மலை மண்ணுக்குள் போய்விட்டது, கோயில் அதன் மேல்தான் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஏற இறங்க இருப்பது ஆழத்துப் பிள்ளையார் சன்னதிதான். அங்கேயும் இறங்கித்தான் கும்பிட வேண்டும்.

இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனைக்கும் அது பெரிய படிக்கட்டு இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். "காலு மரத்துப்போச்சு" என்றாள். கால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

திருநீற்றைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "என்னா வேண்டிக்கிட்ட?" என்றேன். "ஒனக்கு வாய் வரணும்னு" என்றாள்.

ஜூலை 3

வீடுகளுக்கு அச்சு ஆகிவிட்டது. மணி தொங்கும் சர்ச்சுக்கும் ஆகிவிட்டது. இன்று மாயவன் அண்ணன் அங்கே இருக்கிற ஒரு பழைய கோயிலுக்கு அச்சு செய்தார். எங்கள் கம்பெனியில் அச்சு வேலை எல்லாம் அவர்தான்.

படத்தில் அந்தக் கோயில் ஊருக்கு எதிர் மலையில் தனியாக இருக்கிறது. கூரை இல்லை. தூண்களில் பாதி நிற்கிறது, பாதி புல்லில் விழுந்து கிடக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷம் ஆனதாம். மாயவன் அண்ணன் செய்ததில் எல்லாத் தூணும் நின்றது. கூரை இருந்தது. உச்சியில் ஒரு சின்னக் கலசம்கூட இருந்தது.

"படத்துல பாதிதான அண்ணே இருக்குது?" என்றார் ராஜாம்பாள் அக்கா.

"மீதிய நான் கட்டிட்டன்."

எல்லோரும் போய்ப் பார்த்தோம். அம்மா துண்டை முகத்திலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தாள். "நல்ல காரியம் பண்ண மாயவா. மூளியா இருக்குறத யாராவது வூட்டுல வெப்பாங்களா?" என்றாள். முதலாளியும் தலையை ஆட்டினார். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 10

அரைவட்டமாகக் கல் படிகள், கீழே வெறும் தரை. இன்னொரு படம். நான் தண்ணீர் வற்றிய குளம் என்று நினைத்து, பாவமாக இருக்கிறதே என்று அடியில் நீலம் பூசிவிட்டேன். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அது நாடகம் பாக்குற எடம்மா! ஜனங்க படியில ஒக்காருவாங்க, கீழ ஆடுவாங்க."

சூளைக்குப் போகும் முன்பே பார்த்ததால் துடைத்துவிட முடிந்தது. ராஜாம்பாள் அக்கா சாயங்காலம் வரை விடவில்லை: "கயலு, கூத்தாடிங்கள நீந்த வுட்டுட்டியேடி."

அவ்வளவு படியும் நிறைய எத்தனை பேர் வந்திருப்பார்கள். நம் ஊர்க் கூத்துக்குத் தரைதான். முன்னால் உட்கார்ந்தவர் தலை மறைக்கும்.

ஜூலை 14

நீலக் கதவு, நீலக் கதவு, நீலக் கதவு. கண்ணை மூடினாலும் நீலக் கதவு. கழுத்தைத் திருப்பினால் நரம்பு சுண்டுகிறது.

மாடி வைத்த வீட்டுக்கு மட்டும், பக்கத்துச் சுவரில் மெலிசாக ஒரு கோடும் அதில் தொங்குகிற மாதிரி ஒரு சின்னத் தீற்றலும் போட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஜூலை 20. வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. எல்லோரும் தலை குளித்துப் பூ வைத்து வந்திருந்தார்கள். ஏஜெண்ட் கோகுலகிருஷ்ணன் சார் காரில் வந்து இறங்கினார். வீடுகளைப் பார்த்து நல்லா இருக்கு என்றார். சர்ச்சைப் பார்த்து நல்லா இருக்கு என்றார். கோயிலைக் கையில் எடுத்தார். உச்சியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னங்க உச்சியில?"

"கலசம் சார்" என்றார் மாயவன் அண்ணன்.

"கிரீஸ்ல ஏதுங்க கலசம்? இதுக்குக் கூரையே கெடையாதே!"

"அதான் சார் போட்டன்."

சார் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஒடஞ்சி கெடக்குற கோயிலப் பாக்கத்தான்யா அவ்ளோ தூரத்துலேர்ந்து ஜனங்க வராங்க. முழுசா இருந்தா யாரு வாங்குவா? அங்க கடைக்காரன் என்னைத் தூக்கிப் போட்டு மிதிப்பான்."

"ஒடஞ்சதையா வாங்கி வூட்ல வெப்பாங்க?" மாயவன் அண்ணனுக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும்தான்.

சார் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: கோயில் உடைந்ததாக இருந்தால் மொத்த ஆர்டரும் உண்டு. இல்லையென்றால் வீடும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம்.

ஆர்டர் இல்லையென்றால் மேசை இல்லை.

ஜூலை 21. சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

புது அச்சு செய்ய நாள் போதாது. அதனால் இருக்கிற அச்சிலேயே மண் குழம்பை ஊற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் கத்தியால் அறுத்து உடைந்த மாதிரி ஆக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். "யார் செய்றீங்க?"

"அச்சு தரன். அறுக்க எனக்குக் கை வராதுங்க" என்றார் மாயவன் அண்ணன்.

"ஆடி மாசம்ங்க. கோயில ஒடைக்கச் சொல்றீங்களே" என்றார் ராஜாம்பாள் அக்கா. இன்னொருவர் காப்புக் கட்டியிருக்கிறேன் என்றார். இன்னொருவர் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றார். முதலாளிக்குக் கோபம் வந்து, "பொம்மைக்கா இவ்ளோ?" என்று தானே கத்தியை எடுத்தார். கோயிலின் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "போன் அடிக்குது" என்று உள்ளே போய்விட்டார். போன் எதுவும் அடிக்கவில்லை.

கத்தி பலகையில் கிடந்தது. பவுடர் ரூம் கதவுக்குப் பின்னால் அம்மா இருமுவது கேட்டது. அது நிற்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. கலசத்தை முதலில் அறுத்தேன். அப்புறம் கூரை. பாதி ஈரத்தில் மண் சோப்புக் கட்டி மாதிரி அறுபட்டது. ஒரு தூணைப் பாதியில் அறுத்து, துண்டைப் பக்கத்தில் படுக்க வைத்தேன். படத்தில் இருக்கிற மாதிரியே.

முதலாளி வெளியே வந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"எல்லாத்தையும் நானே அறுத்துத் தரன். எங்கம்மாவ பேக்கிங்ல போடுங்க."

"யாரு பேசுறது? கயல்விழியா?" என்றார் முதலாளி. யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"சரி. மேச போட்டதும் ஒங்கம்மாதான்" என்றார்.

ஜூலை 22. ஞாயிறு

அம்மாவுக்கு நேற்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. இன்று கூழ் ஊற்றிக் கொடுக்கும்போதுதான் பேசினாள்.

"ஊருக்கெல்லாம் கை இருக்குது. கோயில ஒடைக்க ஒன் கைதான் கெடச்சுதா?"

"ஒனக்காகத்தாம்மா."

"நான் கேட்டனா? கல்யாணம் காட்சி ஆவ வேண்டிய கை. நான் கேட்டனாடி?"

அப்பா வந்திருந்தார். "மண்ணு பொம்ம திரௌபதி, உடு" என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "சாமிய எதால செய்றாங்க? மண்ணாலதான்" என்றாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பெஞ்சில் எல்லோரும் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். எனக்கும் வைத்தார்கள். கையில் தரவில்லை. பலகையில் வைத்துவிட்டுத் தள்ளினார்கள்.

சாப்பிட்டேன். பசித்தது.

ஆகஸ்ட் 11

இப்போது எனக்குத் தனிப் பலகை. மாயவன் அண்ணன் ஊற்றிக் காயவைத்த கோயில்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கத்தியை எடுப்பதற்குள் போய்விடுவார்.

உடைந்த மாதிரி செய்வது உடைப்பதைவிட நேரம் பிடிக்கிறது. நேராக அறுத்தால் வெட்டிய மாதிரி இருக்கிறது, விழுந்த மாதிரி இல்லை. விரலால் பிட்டு, ஈரப் பஞ்சால் ஓரத்தை மழுக்க வேண்டும். மழையும் வெயிலும் ரொம்ப நாள் செய்ததை நான் பஞ்சால் செய்கிறேன். ஒன்று மாதிரி இன்னொன்று வருவதில்லை. சிலதில் மூன்று தூண் நிற்கிறது, சிலதில் ஐந்து.

முதல் நாட்களில் ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மறந்துவிடுகிறேன். ஞாபகம் வரும்போது மொத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று கவனித்தேன். படத்தில் அந்தக் கோயிலைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கிறது. விழுந்த தூணைக்கூட யாரும் எடுத்துப்போகவில்லை. விழுந்த இடத்திலேயே வைத்துக் காவல் காக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20. திங்கள்

கூடத்தில் மேசை போட்டாயிற்று. வைக்கோல் கட்டு, காகிதக் கட்டு, பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. முதலாளி அம்மாவைக் கூப்பிட்டு, "ஒக்காரு திரௌபதி. ஒம்பொண்ணு வாங்கிக் குடுத்த எடம்" என்றார்.

அம்மா உட்காரவில்லை.

"கோயில ஒடச்சி வாங்குன எடம் எனக்கு வேணாங்க."

எல்லோருக்கும் எதிரில் சொன்னாள். துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு பவுடர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலாளி என்னைப் பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறன். அப்புறம் வேற ஆளப் போட்டுடுவன், என்னைச் சொல்லாத" என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. பலகைக்குப் போய் மீதியை அறுத்தேன்.

ஆகஸ்ட் 21

இன்றும் அம்மா பவுடர் ரூமுக்குத்தான் போனாள்.

ஆகஸ்ட் 26. ஞாயிறு

துணி துவைக்கும்போது அம்மாவின் துண்டை எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் பால் மாதிரி வந்தது. அதைக் காட்டினேன். "பாரு. இதெல்லாம் உள்ள போவுது" என்றேன்.

"போவட்டும்."

போவட்டுமாம்! அப்ப நான் எதுக்கு? நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? அப்பாவா வந்து சோறு ஆக்குவாரு? நான் பாவம் பண்ணிட்டன்னா பண்ணிட்டன், அது என்னோட இருக்கட்டும், நீ ஏன் அந்த ரூம்ல போய் சாவுற — இவ்வளவும் வாய் வரைக்கும் வந்தது. துண்டைக் கல்லில் விரித்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "துண்டு காயட்டும், மிதிக்காத."

ஆகஸ்ட் 30. வியாழன்

மாலை டீக்கு வடை வந்தது. சுற்றியிருந்த பேப்பரில் எண்ணெய் ஊறி ஒரு படம். மலை. மலை முழுக்கத் தீ. வெள்ளை வீடுகளுக்குப் பின்னால் புகை. கிரீஸ் நாட்டில் காட்டுத்தீ, பலர் பலி, கிராமங்கள் எரிந்தன என்று போட்டிருந்தது. பழைய கோயில் ஒன்றின் பக்கத்தில்கூடத் தீ வந்துவிட்டதாம்.

நான்தான் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது.

ராஜாம்பாள் அக்கா வடையைக் கீழே வைத்துவிட்டார். "நாம இங்க ஒடைக்க ஒடைக்க அங்க எரியுது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எதிரில் சுவரில் அந்த ஊர். அந்தக் கொடி. அந்தத் துண்டு. அது யாருடையது? அவர்கள் ஓடியிருப்பார்களா?

என்னாலயா? என்னாலதானா?

ஆகஸ்ட் 31. வெள்ளி

முதலாளி புதுச்சேரிக்குப் போன் செய்து கேட்டார். நாங்கள் செய்கிற ஊர் தீப் பிடித்த பக்கம் இல்லையாம். கடல் நடுவில் தீவாம். தீ இல்லை. சரக்குக் கேட்ட அந்த ஊர்க் கடைக்காரர் நல்லபடியாக இருக்கிறார். ஆனால் அவருடைய சொந்தக்காரர்கள் எரிந்த பக்கத்தில் இருக்கிறார்களாம், ரொம்பக் கவலையாக இருக்கிறாராம். சரக்கு வரட்டும் என்றிருக்கிறார்.

அம்மா பவுடர் ரூம் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். துண்டை இறக்கிவிட்டு என் பலகைக்கு வந்தாள். இத்தனை நாளில் முதல் தடவை. நான் அறுத்து, சூளையில் சுட்டு வந்திருந்த ஒரு கோயிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எத்தினி வருசமா இப்பிடிக் கெடக்குது?"

"ரெண்டாயிரத்துக்கு மேலன்னு சார் சொன்னாரு."

"அவங்க ஏன் கட்டல?"

"தெரியலம்மா. ஆனா இடிச்சுத் தள்ளவும் இல்ல. கயிறு கட்டிக் காவல் வெச்சிருக்காங்க." சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன்.

அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். இருமினாள். அது அடங்குகிற வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாயவன் அண்ணனைப் பார்த்து, "மூளியா இருந்தாலும் அது இன்னும் சாமி எடம்தான், இல்ல மாயவா?" என்றாள்.

"நான் என்னாத்தக் கண்டன் அக்கா" என்றார் அவர்.

"அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான். இத வெறுமன பொட்டியில கட்டி அனுப்பக் கூடாது" என்றாள் அம்மா. "யாரு கட்டப்போறா இத?"

எல்லோரும் கூடத்தில் காலியாகக் கிடந்த மேசையைப் பார்த்தார்கள்.

"வேற எவளாவது ஒக்காந்தா வைக்கோல வெச்சி அமுக்கிப் போட்டுடுவா" என்று முணுமுணுத்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முதலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ராஜாம்பாள் அக்கா கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

செப்டம்பர் 1

அம்மா வீடுகளை ஒரு மாதிரிக் கட்டுகிறாள், கோயிலை வேறு மாதிரிக் கட்டுகிறாள். வீட்டுக்கு வைக்கோல், காகிதம், அவ்வளவுதான். கோயில் வந்தால் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழமலைநாதர் திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, தூண்களுக்கு நடுவில் வைத்து, காகிதத்தை மூடி, உதட்டை அசைக்கிறாள். அப்புறம்தான் வைக்கோல்.

அந்த ஊரில் பிரிக்கிறவர்கள் தூசி என்று ஊதிவிடுவார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

மாயவன் அண்ணன் பார்த்தார். அப்புறம் என் பலகையிலிருந்து கோயில்களை அவரே தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தார். அறுத்த பிறகு இதுவரை அவற்றைத் தொடாதவர்.

முதலாளியும் பார்த்தார். "ஏஜெண்ட்டுக்குத் தெரிஞ்சா கேப்பாரே" என்றார். "சூளச் சாம்பல்னு சொல்லுங்க" என்றாள் அம்மா.

செப்டம்பர் 3

ராஜாம்பாள் அக்கா இன்று சுண்டல் கொண்டுவந்தார். என் கையில் கொடுத்தார்.

செப்டம்பர் 5. புதன்

லாரி காலையிலேயே போய்விட்டது. கடைசிப் பெட்டியையும் கட்டி ஏற்றிவிட்டு அம்மா வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். இருமல் போய்விடவில்லை. போகுமா என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் முகம் கழுவாமலே அம்மா மாதிரி இருந்தாள்.

அடுத்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மேசை இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நவராத்திரி பொம்மைகளையும் அதிலேயே கட்டலாமாம்.

பவுடர் ரூமுக்கு இன்று புது ஆள் வந்தது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து. அம்புஜவல்லி என்று பெயர். என்னைவிட இரண்டு, மூன்று வயது கூட இருக்கலாம். முகத்துக்குத் தாவணி ஓரத்தைச் சுற்றியிருந்தாள். மதியத்துக்குள் புருவம் வெள்ளையாகிவிட்டது. வெளியே வந்து தும்மித் தும்மி, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். நான் பார்த்தேன். என்னை மாதிரியே உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த இடம். அதனால் காலியான இடத்தில் இவள். இதை நான் ஏன் முன்னாடியே நினைக்கவில்லை? நினைத்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்?

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து, குழாயில் நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, அம்புஜவல்லியைத் திரும்பி நிற்கச் சொல்லி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டேன்.